அம்மா வீட்டுக்கு எந்தக் கம்பி?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காபி டம்ளரைக் கையில் எடுக்கும்போதே அம்மாவிடமிருந்து போன்.

"டேய், டெலிபோன் ஆபீஸ்லேர்ந்து வந்தாங்க. பழைய லைன் இனிமே இருக்காதாம். பைபராம், அதுக்கு மாறிக்கணுமாம். நம்ம கேபிள்காரத் தம்பியும் வந்துட்டுப் போனான், அவனும் பைபர்ங்கிறான். இன்னொருத்தன் வந்து கம்பியே வேணாம், மாடியில ஒரு பொட்டி வெச்சாப் போதும்ங்கிறான். நான் யாருக்குன்னு தலையாட்டுறது?"

அம்மா மன்னார்குடியில். நான் புனேயில், 1999லிருந்து. பார்ப்பது பொட்டி தட்டும் வேலை, அதிலும் நெட்வொர்க் பொட்டி. "உங்க பையன்தான் இன்டர்நெட்டுல இருக்காரே" என்று தெருவில் பாதிப் பேர் அம்மாவிடம் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட பிள்ளை ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லியிருக்க வேண்டாமா? "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். யோசிக்க மூன்று வாரம் ஆனது.

காரணம் இருக்கிறது. அந்தப் பழைய லைனை எடுக்கக்கூடாது என்று அப்பா ஒருமுறை என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். இங்கே நம் தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற இடத்தில் பேச்சைப் போட்டால் எல்லார் வீட்டிலும் இதே பஞ்சாயத்துதான். ஊரில் வயதான அப்பா அம்மா தனியாக. வாசலில் மூன்று கம்பெனி ஆட்கள். முடிவெடுக்க வேண்டியது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் நாம்.

வேகமும் விலையும் போட்ட அட்டவணை எங்கே தேடினாலும் கிடைக்கும். நான் சொல்ல நினைப்பது வேறு. நம் நாட்டில் இணையம் என்பது ரொம்ப வருஷம் வேறு எதற்கோ போட்ட கம்பியில் ஓசி சவாரி செய்துதான் வீட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு கம்பியும் முதலில் எதற்காகப் போடப்பட்டது என்று தெரிந்துகொண்டால் அதன் நல்லது கெட்டது இரண்டும் தானாகப் புரிந்துவிடும். ஆகவே மக்களே, கொஞ்ச நேரம் கொசுவத்தி சுற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கம்பி டெலிபோன் கம்பி. எங்கள் வீட்டுக்கு அது வந்தது 1994இல். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பதிவு செய்துவிட்டு ஆறு வருஷம் காத்திருந்தார். லைன்மேன் வந்து கம்பியை இழுத்துக் கட்டிய அன்று அம்மா கேசரி கிளறினாள். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள், போன் வந்ததற்குக் கேசரியா என்று!

அடுத்த வருஷம், 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் என்று நான்கு ஊர்களில் ஆரம்பம். அதற்கு முன்னாலும் இணையம் இல்லாமலில்லை. 1986இல் தொடங்கிய எர்நெட் வழியாக மெட்ராஸ் ஐஐடி போன்ற இடங்களில் பேராசிரியர்கள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருப்பவனுக்குக் கதவு திறந்தது 95இல்தான். கட்டணத்தைக் கேட்டால் மயக்கம் வரும். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் தெரிகிற 'ஷெல்' கணக்குக்கு வருஷத்துக்கு 5000 ரூபாய். படமும் தெரிய வேண்டுமென்றால் 15,000. வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட்.

ஏன் அவ்வளவு மெதுவு? கம்பியின் மேல் பழி போடாதீர்கள். அந்த அமைப்பு முழுவதும் மனிதக் குரலுக்காகக் கட்டியது. 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சத்தத்தைத்தான் எக்ஸ்சேஞ்ச் உள்ளே விடும். ஆகவே கம்ப்யூட்டர் தானும் ஒரு மனிதனைப் போல நடித்துக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. மோடம் 'கீஈஈ... கர்ர்ர்' என்று கத்தியதே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மோடம்கள் ஒன்றை ஒன்று குசலம் விசாரித்துக்கொண்ட சத்தம் அது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் ஒரு குரலை விநாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதும். பெருக்கினால் 64 கிலோபிட். குரலின் வழியாகப் போகிற எந்த மோடமும் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. 56 கே என்று பெட்டியில் அச்சடித்திருப்பான். 40 வந்தால் ராஜகோபாலன் புண்ணியம்.

1998 நவம்பரில் அரசாங்கம் தனியாரையும் உள்ளே விட்டது. முதலில் வந்தது நம்ம சென்னைக் கம்பெனியான சத்யம் இன்ஃபோவே, பின்னாளில் சிஃபி. 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலான முதல் இந்திய இணைய நிறுவனமும் அதுதான். போட்டி வந்ததும் விலை சரிந்தது. 2001இல் புனேயில் நாங்கள் நான்கு பிரம்மச்சாரிகள் காசு போட்டு ஒரு பழைய கம்ப்யூட்டரும் மோடமும் வாங்கினோம். இணைய மணிக்கணக்குக்கு ஒரு காசு, அதற்கு மேல் மூன்று நிமிஷத்துக்கு ஒரு யூனிட் என்று டெலிபோனுக்குத் தனிக் காசு. ஒரே கம்பி, இரண்டு மீட்டர்!

கம்பி குரலுக்கானது என்பதன் இன்னொரு விளைவும் உண்டு. நெட்டில் இருந்தால் போன் எங்கேஜ்டு. அப்பா இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணத்தில் கூப்பிடுவார். இரண்டு மணி நேரம் எங்கேஜ்டு. மறுநாளும் அதே. "பையன் எங்கேயோ மாட்டிக்கிட்டான் போலிருக்கு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நான் உட்கார்ந்து இறக்கிக்கொண்டிருந்தது ஒரு தமிழ் எழுத்துரு. சொன்னால் யார் நம்புவார்கள்? ஆறே மாதத்தில் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தங்கமணி இதைப் படித்தால், நம் கல்யாணத்துக்குக் காரணம் டயல்-அப் என்று தெரிந்துகொள்ளட்டும்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் பாவம். அதே காலத்தில் மெட்ராஸ் ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவரது டெநெட் குழுவும் வேறொரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு டெலிபோன் கொடுக்க அப்போது ஆன செலவு சுமார் 30,000 ரூபாய். அதை 10,000க்குக் கொண்டுவந்தால் ஒழிய இந்தியக் கிராமத்துக்குப் போன் வராது என்பது அவர் கணக்கு. தெருத்தெருவாகச் செம்பைப் புதைப்பதில்தானே பணம் போகிறது? அதை விட்டுவிட்டுக் காற்றில் அனுப்பலாம் என்று அவர்கள் செய்ததுதான் கார்டெக்ட். அதன் அழகு என்ன தெரியுமா? முதல் நாளிலிருந்தே பேச்சையும் இணையத்தையும் சேர்த்து யோசித்தார்கள். போனில் பேசிக்கொண்டே 35 கிலோபிட்டில் இணையம் பார்க்கலாம். பேச்சு இல்லாதபோது 70. நேர்ப்பார்வை இருந்தால் ஒரு கோபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை போகும்.

2001 முதல் மதுரைப் பக்கம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இதை வைத்து இணைய மையங்கள் நடந்தன. கிராமத்திலிருந்து கண்ணைப் படம் பிடித்து அனுப்ப, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் பார்த்து யோசனை சொன்னார்கள். டெல்லியிலும் பம்பாயிலும் பணக்கார வீடுகளே மோடத்தோடு மல்லுக்கட்டிய காலத்தில்! செல்போன் கோபுரங்கள் புயலாகப் பரவியதில் கார்டெக்ட் கரைந்துபோனது. 'கம்பியே வேணாம், மாடியில ஒரு பொட்டி' என்று அம்மாவிடம் ஒருவன் சொன்னானே, அதற்கு மெட்ராஸில் ஒரு தாத்தா உண்டு என்பது அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்காது.

நிற்க. டெலிபோன் கம்பிக்கே திரும்புவோம்.

அந்தச் செம்புக் கம்பிக்குள் இன்னும் நிறைய இடம் சும்மா கிடந்தது. குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். கம்பியோ 1000 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் தாங்கும். எக்ஸ்சேஞ்ச் வடிகட்டியதால்தான் அது பயன்படாமல் இருந்தது. அமெரிக்காவில் பெல்கோர் நிறுவனத்தில் இருந்த ஜோசப் லெக்லைடர் 1980களின் கடைசியில் ஒரு யோசனை சொன்னார். வீட்டை நோக்கி வருகிற பாதையை அகலமாகவும், வீட்டிலிருந்து போகிற பாதையை ஒடுக்கமாகவும் வைத்தால் ஒன்றின் இரைச்சல் இன்னொன்றைக் கெடுக்காது. ஏடிஎஸ்எல் என்பதில் முதல் 'ஏ' அந்த ஏற்றத்தாழ்வுதான். டெலிபோன் கம்பெனிகளுக்கு ஏன் இது பிடித்தது என்றால், டெலிபோன் கம்பியில் சினிமா அனுப்பிக் காசு பார்க்கலாம் என்று அப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சினிமா பார்க்கிறவன் வாங்குகிறவன். அவனுக்கு அனுப்ப என்ன இருக்கிறது?

அந்த எண்ணம் எங்கள் வீட்டில் எப்படி விடிந்தது என்று பிறகு சொல்கிறேன்.

இந்தியாவில் 2004 அக்டோபரில் பிராட்பேண்ட் கொள்கை வந்தது. விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தால் பிராட்பேண்ட் என்று சட்டப்படி பெயர் வைத்தார்கள். (2013இல் 512 ஆனது. 2023இல்தான் 2 எம்பிபிஎஸ்.) 2010க்குள் 2 கோடி இணைப்பு என்று இலக்கு. அந்த ஆண்டு முடிவில் பாதியைச் சற்றே தாண்டினோம். ஏன்? என் பார்வையில் பெரிய காரணம் ஒன்று உண்டு. நாட்டில் சுமார் 4 கோடி வீடுகளுக்குச் செம்புக் கம்பி போயிருந்தது, பெரும்பாலும் அரசு நிறுவனத்துடையது. அந்தக் கம்பியை வாடகைக்கு எடுத்து மற்றவர்களும் சேவை தரலாம் என்று விட வேண்டுமென டிராய் 2004இல் பரிந்துரைத்தது. இங்கிலாந்து போன்ற நாடுகளில் அப்படி விட்டுத்தான் போட்டி வந்தது. நம் கொள்கை அதைக் கட்டாயமாக்கவில்லை. மக்கள் பணத்தில் போட்ட கம்பியைத் தனியாருக்கு ஏன் தர வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் அந்தச் செம்பில் முக்கால்வாசி கடைசி வரைக்கும் குரலை மட்டுமே சுமந்து மண்ணுக்குள் கிடந்தது என்பது எனக்கு ஆறாத குறை.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் தொடங்கியது. டெல்லி, மும்பைக்கு எம்டிஎன்எல்லின் ட்ரைபேண்ட். மாதம் 500 ரூபாய்க்கு 1 ஜிபி. தாண்டினால் எம்பி கணக்கில் காசு. ஆனால் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இலவசம்! ஒரு தலைமுறையே அலாரம் வைத்து ராத்திரி 2.05க்கு எழுந்து பாட்டு இறக்கியது. எத்தனை பேர் கண்ணுக்குக் கீழே கருவளையம் அந்த ஆறு மணி நேரத்தால் வந்தது என்று ஓர் ஆராய்ச்சியே செய்யலாம். 2007 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் வந்தபோது 1 ஜிபி சில மணி நேரத்திலேயே காலியாகிவிடும் என்பதை யாரும் முதலில் யோசிக்கவில்லை. நானும்தான். நான் முதலில் யோசிக்காத அந்த மாத பில்லைப் பற்றி இங்கே வேண்டாம்.

மன்னார்குடி வீட்டுக்கு 2007இல் போட்டேன். பையனுக்கு அப்போது ஒரு வயது. அப்பா ஒழுங்கு வாத்தியார் இல்லையா? இலவச நேரம் 8 மணிக்கு முடியும் என்றதும், காலை 5 மணிக்கே குளித்து, விபூதி இட்டு, காபி குடித்துவிட்டு ஸ்கைப்பில் வந்து உட்கார்ந்துவிடுவார். நாங்கள் பாதித் தூக்கத்தில் பையனைத் தூக்கிக் கேமரா முன் காட்டுவோம்.

அங்கேதான் லெக்லைடரின் ஏற்றத்தாழ்வு பல்லைக் காட்டியது. மன்னார்குடிக்கு வருகிற பாதை அகலம், போகிற பாதை ஒடுக்கம். அவர்களுக்குப் பேரன் பளிச்சென்று தெரிந்தான், முன்பல் முளைத்தது வரைக்கும். எனக்கு அப்பா தெரிந்தது கட்டம் கட்டமாக. குரல் வரும், முகம் சதுரங்களாக உடைந்து அசையும். பல வருஷம் அப்படித்தான் அவரைப் பார்த்தேன். வீடு என்பது வாங்குகிற இடம், அனுப்புகிற இடமில்லை என்று யாரோ எப்போதோ சினிமாவுக்காகப் போட்ட கணக்கு அது.

பேரன் மட்டும் எப்படிப் பளிச்சென்று போனான்? புனேயில் என்னிடம் இருந்தது வேறு கம்பி. அது இரண்டாவது கதை.

1991 வளைகுடாப் போருக்குப் பிறகு தெருத்தெருவாகக் கேபிள் டிவி வந்தது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோஆக்சியல் கம்பி டெலிபோன் கம்பியைவிடப் பல மடங்கு கொழுத்தது. அமெரிக்காவில் 1997இல் டாக்சிஸ் என்ற தரம் வந்து, டிவி கம்பியிலேயே இணையமும் போனது. நம் ஊரில் பெரும்பாலும் அது நடக்கவில்லை. கேபிள்காரர் மரத்திலும் மாடியிலும் கட்டிய ஆம்ப்ளிஃபயர்கள் ஒருவழிப் பாதைக்காரை. டிஷ்ஷிலிருந்து வீட்டுக்குப் படம் போகும். வீட்டிலிருந்து ஒரு சொல்கூடத் திரும்பி வராது. அத்தனையையும் மாற்ற யாரிடம் பணம்?

ஆனால் கேபிள்காரரிடம் இரண்டு சொத்து இருந்தன. எல்லா மொட்டைமாடிகளுக்கும் ஏற உரிமை, எல்லா வீட்டுக்குள்ளும் நுழைய அறிமுகம். ஆபீஸில் போடும் லேன் கம்பியை எடுத்து மாடிக்கு மாடி வீசி, 100 மீட்டருக்கு ஒரு சுவிட்ச் வைத்து, தெருவையே ஓர் ஆபீஸாக்கிவிட்டார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத நெட்வொர்க்! 2004இல் நான் எடுத்தது அதுதான். லேன் கம்பிக்கு ஏற்றத்தாழ்வு கிடையாது. போவதும் வருவதும் ஒரே அகலம். அதனால்தான் பேரன் பளிச்.

கெட்டதும் அதே இடத்திலிருந்துதான். ஒவ்வொரு சுவிட்சுக்கும் யாராவது ஒருவர் வீட்டுக் கரண்ட் வேண்டும். 2005, 2006இல் மகாராஷ்டிரத்தில் மின்வெட்டு கடுமை. எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கும். மூன்றாவது பில்டிங் அம்மாள் பால்கனி பிளக்கைப் பிடுங்கி இஸ்திரி போட்டிருப்பார். தெரு முழுக்க நெட் செத்திருக்கும். "ஆஜி, பிளக்!" என்று கீழே நின்று கத்தியிருக்கிறேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே லேன் என்பதால் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களின் பொது ஃபோல்டர்கள் எல்லாம் நம் திரையில் தெரியும். மராத்தி நாடகம், இந்திப் படம் என்று வரிசையாகப் போனால், ஒன்றில் 'ராஜா 80ஸ்' என்று ஒரு ஃபோல்டர். திறந்தால் அத்தனையும் இளையராஜா. இரண்டு தெரு தள்ளித் திருநெல்வேலிக்காரக் குடும்பம் ஒன்று இருப்பது அப்படித்தான் தெரிந்தது. அந்த வருஷப் பொங்கல் அவர்களோடுதான். இன்றைக்கும் ஊரில் இருக்கும் அவர்கள் மாமியாருக்கு எந்தக் கம்பி என்று என்னைக் கேட்பவர்கள் அவர்களும்தான்.

செல்போன் கதையை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், எல்லாரும் வாழ்ந்து பார்த்ததுதான். 2009 பிப்ரவரியில் சென்னையில் பிஎஸ்என்எல் 3ஜி, 2012இல் கொல்கத்தாவில் ஏர்டெல்லின் 4ஜி, 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ. அதன் பிறகு வீட்டுக்குக் கம்பி எதற்கு என்று எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள். நானும் கேட்டேன். 2017இல் ஊருக்குப் போனபோது, "லேண்ட்லைனைச் சரண்டர் பண்ணிடலாம்ப்பா, தண்டமா மாசம் காசு கட்டுறீங்க" என்றேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை ஏறியது. டெல்டா முழுக்கத் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. மின்கம்பங்கள் வரிசையாக முறிந்தன. புனேயில் உட்கார்ந்து டிவியில் பார்க்கிறேன். அம்மா செல், அப்பா செல், சித்தப்பா செல், பக்கத்து வீட்டுப் பையன் செல், எதுவும் போகவில்லை. கோபுரத்துக்குக் கரண்ட் இல்லை, பேட்டரி தீர்ந்தால் அதுவும் ஒரு இரும்புக் கம்பம்தான். பத்து மணிக்கு ஏதோ தோன்றி லேண்ட்லைனுக்குப் போட்டேன். ரிங் போனது. ஏழாவது ரிங்கில் எடுத்தார்.

"தென்னை மூணும் போச்சு. கொல்லைப்பக்கம் ஓடு பறந்துடுச்சு. நாங்க நல்லாத்தான் இருக்கோம். வெச்சுடு, எதிர்வீட்டுக்காரர் நிக்கிறார், அவர் பையன் திருப்பூர்ல தவிச்சுக்கிட்டு இருப்பான்."

எப்படி வேலை செய்தது? செம்பு லேண்ட்லைனுக்கு வீட்டுக் கரண்ட் வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் வரிசையாக பேட்டரிகள் இருக்கும், கூடவே ஜெனரேட்டர். அங்கிருந்து 48 வோல்ட் அதே செம்புக் கம்பி வழியாகவே வீட்டுக்கு வருகிறது. போன் பேசுவதும் மணி அடிப்பதும் அந்தக் கரண்டில்தான். டெலிபோன் பிறந்த காலத்தில் பெரும்பாலான வீடுகளில் மின்சாரமே கிடையாது. ஆகவே கம்பியே சோறும் கொண்டுவர வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் கேபிள் பெரும்பாலும் மண்ணுக்கடியில் போனதும் அதிர்ஷ்டம்.

இரண்டு நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் வரிசை. திருப்பூர், சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் என்று தெருவே பிள்ளைகளுக்குப் பேசியது. அப்பா வழக்கம்போல ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர், ஊர், நேரம் எல்லாம் எழுதி வைத்தார். மொத்தம் 63 அழைப்புகள். மூன்றாம் நாள் சாய்ந்த மரத்தை வெட்டி இழுக்கும்போது வாசல் கம்பி அறுந்தது. அதற்குள் எல்லாரும் எல்லாருக்கும் சொல்லி முடித்திருந்தார்கள். கரண்ட் வர எங்கள் தெருவுக்குப் பதினோரு நாள் ஆனது.

அந்தப் பொங்கலுக்குப் போனபோதுதான் வாக்கு வாங்கினார். "நான் இருந்தாலும் இல்லாட்டியும் அந்தக் கம்பியை மட்டும் எடுத்துடாதே." 2021இல் அப்பா போய்விட்டார்.

இப்போது பைபர். முதன்முறையாக இணையத்துக்காகவே வீடு வரைக்கும் வருகிற கம்பி. பெரும்பாலும் ஜிபான் என்ற முறை. தலைமுனையிலிருந்து ஓர் இழை கிளம்பும். நடுவில் கரண்டே தேவைப்படாத ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர் அந்த வெளிச்சத்தை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கு போடும். கீழே வருகிற 2.5 ஜிகாபிட்டை அத்தனை வீடும் பகிர்ந்துகொள்ளும். 20 கிலோமீட்டர் வரை போகும். பால்கனி ஆஜியின் தயவு வேண்டாம். அனுப்பும் பாதையும் தாராளம். அப்பா இருந்திருந்தால் முகம் முழுசாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் கண்ணாடி இழையில் கரண்ட் வராது. வீட்டில் இருக்கும் ஓஎன்டி பெட்டிக்கு நாம்தான் சோறு போட வேண்டும். அந்தப் பெட்டி அணைந்தால் போனும் செத்தது. ஊர்களில் இந்த இழை பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம் தொங்கித்தான் வருகிறது. கம்பம் விழுந்தால் கூடவே விழும். மாடியில் வைக்கும் பெட்டி, அதாவது 2023இல் ஏர்டெல்லும் ஜியோவும் கொண்டுவந்த 5ஜி ஏர்ஃபைபர், கம்பமெல்லாம் கேட்காது. ஆனால் அதற்கும் வீட்டுக் கரண்ட் வேண்டும், கோபுரத்துக்கும் கரண்ட் வேண்டும். கஜாவில் முதலில் விழுந்தது அந்தக் கோபுரம்தானே? பழைய செம்பு செய்த வேலையை அப்படியே செய்கிற கம்பி இன்று கடையில் இல்லை. வாக்கைக் காப்பாற்ற எனக்கு ஆசைதான். எக்ஸ்சேஞ்சே செம்பை விட்டுவிட்ட பிறகு வெறும் கம்பியை வாசலில் தொங்கவிட்டு என்ன செய்வது?

மூன்று வாரம் யோசித்துச் செய்தது இதுதான். ஊருக்குப் போனேன். இரண்டு பைபர்காரர்களிடமும் ஒரே கேள்வி கேட்டேன். "உங்க தலைமுனைப் பெட்டி எங்கே இருக்கு, அதுக்கு எத்தனை மணி நேரம் பேட்டரி?" கேபிள்காரத் தம்பி தலையைச் சொறிந்தான். இன்னொருவர் எக்ஸ்சேஞ்ச் கட்டிடத்துக்கே அழைத்துப் போய் ஜெனரேட்டரைக் காட்டினார். அவருக்கே சரி சொன்னேன். பழைய எண் அப்படியே வந்தது. வேகத்தில் இருப்பதிலேயே குறைந்த திட்டம். அம்மாவுக்கு அது போதும். மிச்சக் காசில் ஓஎன்டிக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ், அது நான்கு மணி நேரம் தாங்கும். அது தீர்ந்தால் மாற்ற, வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து தனி பிளக். இதற்கு மேல், வேறு கம்பெனி சிம் போட்ட பட்டன் போன் ஒன்று. ஊரில் பெற்றோர் இருக்கிற மற்றவர்களுக்கும் நான் சொல்வது இதையேதான். எம்பிபிஎஸ்ஸைக் கேட்காதீர்கள், பேட்டரியைக் கேளுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் அப்பாவின் பழைய போனை ஓஎன்டியின் பின்பக்கம் சொருகினேன். பக்கத்தில் அந்த நாற்பது பக்க நோட்டு இன்னும் இருந்தது. மெயின் சுவிட்சை அணைத்தேன். ஃபேன் நின்றது. திண்ணைக்கு வந்து என் செல்லிலிருந்து வீட்டு எண்ணுக்குப் போட்டேன். உள்ளே மணி அடித்தது.

"ஹலோ, யாரு பேசுறது?"

"நான்தாம்மா."

"எங்கேர்ந்துடா பேசுற?"

"திண்ணையிலேர்ந்து."

"அப்ப உள்ளே வந்து சாப்பிடு, இலை போட்டாச்சு. அந்த கரண்டை முதல்ல போடு, புழுங்குது."